லா காலேஜ்ல என்ன சொல்லித் தருவாங்க, மார்க் எப்படிப் போடுவாங்க: முதல் செமஸ்டர்ல இருந்து என்ரோல்மென்ட் (வக்கீலா பதிவு பண்றது) வரைக்கும் முழு வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த ஒரு வாரத்துல எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். "அண்ணா, தங்கச்சிய லா சேக்கலாம்னு இருக்கோம், அங்க என்னதான் படிக்கணும், செக்‌ஷன் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா, பரீட்சை எப்படி இருக்கும்"னு கேப்பாங்க. எங்க சொந்தத்துல நான்தான் மொத வக்கீல், அதனால எல்லாரும் என்கிட்டதான் வர்றாங்க. அஞ்சு நிமிஷ போன்ல சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல இது, அதான் உக்காந்து முழுசா எழுதிட்டேன். தமிழ்நாட்டு லா காலேஜ மனசுல வச்சுதான் எழுதுறேன், ஆனா வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தற பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவோட 2008ம் வருஷத்து சட்டக் கல்வி விதிகள்தான் நாடு முழுக்க அடிப்படைங்கறதால மத்த ஊர்ல படிக்கிறவங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு விஷயத்த மொதல்லயே சொல்லிடுறேன், மீதி எல்லாம் அதுல இருந்துதான் வருது. உங்க முன்னாடி ஒரு சம்பவத்த வச்சா அதுல சட்டப் பிரச்சனை எங்க இருக்குன்னு புடிச்சு, அதுக்கான செக்‌ஷனையும் தீர்ப்பையும் பொருத்தி, ஒரு முடிவுக்கு வரத் தெரியணும். லா டிகிரில மார்க் அதுக்குத்தான். இது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆச்சு. முதல் செமஸ்டர்ல கான்ட்ராக்ட் பேப்பருக்கு கடைல விக்கிற கைடு ஒண்ண வாங்கி வரிக்கு வரி மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன், ஷீட் மேல ஷீட் வாங்கி எழுதினேன், அரியர் வந்துச்சு. ரெண்டு நாள் வீட்ல யார்கிட்டயும் பேசல. அந்த நெலமை உங்களுக்கு வரக்கூடாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

1. சேர்றதுக்கு முன்னாடி: எந்த கோர்ஸ், எந்த காலேஜ்

ரெண்டு வழி இருக்கு. பிளஸ் டூ முடிச்சு நேரா சேர்ற 5 வருஷ கோர்ஸ் ஒண்ணு, ஏதாவது டிகிரி முடிச்சிட்டு சேர்ற 3 வருஷ எல்.எல்.பி. இன்னொண்ணு. ரெண்டுலயும் கடைசில கிடைக்கிற வக்கீல் தகுதி ஒண்ணேதான், கோர்ட்ல யாரும் நீ அஞ்சு வருஷமா மூணு வருஷமான்னு கேக்கப் போறதில்ல.

தமிழ்நாட்டுல அரசு சட்டக் கல்லூரிங்க எல்லாம் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வரும், 1997ல ஆரம்பிச்சது. சென்னை, மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, செங்கல்பட்டு, வேலூர்னு ஆரம்பிச்சு விழுப்புரம், தர்மபுரி, ராமநாதபுரம், சேலம், நாமக்கல், தேனி, காரைக்குடி வரைக்கும் இப்ப அரசு காலேஜ் இருக்கு, அதனால ஊரவிட்டு ரொம்ப தூரம் போகணும்ங்கற கட்டாயம் முன்ன மாதிரி இல்ல. பல்கலைக்கழகம் நேரடியா நடத்துற ஆனர்ஸ் கோர்ஸ் சென்னைல சீர்மிகு சட்டப் பள்ளில இருக்கு. சென்னை அரசு சட்டக் கல்லூரிய ஹைகோர்ட் பக்கத்துல போய்த் தேடாதீங்க, 1891ல ஆரம்பிச்ச அந்தக் காலேஜ 2018ல புதுப்பாக்கம், பட்டரைப்பெரும்புதூர்னு ரெண்டா பிரிச்சு சிட்டிக்கு வெளிய மாத்திட்டாங்க. இங்கெல்லாம் என்ட்ரன்ஸ் கிடையாது, மார்க்க வச்சுதான் சீட்டு. திருச்சில இருக்குற தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கிளாட்ங்கற என்ட்ரன்ஸ் எழுதணும்.

குறைஞ்சபட்ச மார்க் பார் கவுன்சில் விதிப்படி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்.சி. எஸ்.டி.க்கு 40. இன்னொரு முக்கியமான விஷயம், பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் டிகிரின்னு வரிசையா படிச்சிருக்கணும். பிளஸ் டூ இல்லாம ஓப்பன் யுனிவர்சிட்டில நேரா டிகிரி வாங்கினவங்க, அத வச்சு எல்.எல்.பி. சேர்ந்து, அப்புறம் என்ரோல்மென்ட்ல மாட்டிக்கிட்டு கண் கலங்கி நின்னத நானே பாத்திருக்கேன். தபால் வழில எல்.எல்.பி. படிக்கலாம்னு யாராவது ஆசை காட்டினா பணத்தக் கட்டிடாதீங்க, அந்த டிகிரிய வச்சு வக்கீலா பதிவு பண்ண முடியாது.

2. கிளாஸ் எப்படி நடக்கும், அட்டெண்டன்ஸ் கணக்கு

ஒரு செமஸ்டர் 3 வருஷ கோர்ஸுக்குக் குறைஞ்சது 15 வாரம், 5 வருஷ கோர்ஸுக்கு 18 வாரம், வாரத்துக்கு 30 மணி நேர கிளாஸ், அதுல 24 மணி நேரம் லெக்சர், மீதி டுடோரியல், மூட் கோர்ட் (கற்பனைக் கேஸ வச்சு கோர்ட் மாதிரியே வாதாடிப் பழகறது), செமினார். விதி இப்படி சொல்லுது. நடைமுறைல லெக்சர்தான் பெரும்பங்கு, சார் வந்து ஒரு செக்‌ஷனப் படிப்பார், வார்த்தை வார்த்தையா பிரிப்பார், ரெண்டு கேஸ் சொல்வார், நாம நோட்ஸ் எடுப்போம். நல்ல டீச்சரா இருந்தா "சரி, இதுலயே அந்தப் பையனுக்கு 17 வயசுன்னா என்ன ஆகும்"னு கேள்வி கேட்டு கிளாஸையே பேச வைப்பாங்க. அந்த மாதிரி கிளாஸ் கிடைச்சா முன் பெஞ்ச்ல போய் உக்காருங்க, தப்பா பதில் சொன்னாலும் பரவால்ல, அங்க தப்பு பண்ணா மார்க் போகாது.

அட்டெண்டன்ஸ் ஒவ்வொரு சப்ஜெக்ட்லயும் தனித்தனியா 70 சதவீதம் வேணும். ஒரு சப்ஜெக்ட்ல மட்டும் 65க்கு மேல இருந்து எல்லா சப்ஜெக்ட்டும் சேர்த்து 70 இருந்தா, நியாயமான காரணம் காட்டினா பிரின்சிபால் அனுமதிக்கலாம்னு விதில இடம் இருக்கு. "மொத்தமா 70 இருக்கே"ன்னு நெனச்சு ஒரு சப்ஜெக்ட்ட மட்டும் தொடர்ந்து கட் அடிக்கிற பசங்கதான் ஹால் டிக்கெட் வர்ற நேரத்துல ஆபீஸ் வாசல்ல நிப்பாங்க. மாசக் கடைசில ஒரு தடவ ஒவ்வொரு சப்ஜெக்ட்டுக்கும் எத்தன கிளாஸ் நடந்துச்சு எத்தன போனோம்னு நோட்டுல எழுதி வச்சிடுங்க, ரெண்டு நிமிஷ வேலைதான்.

வேலைக்குப் போயிட்டே எல்.எல்.பி. படிக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. இது முழு நேர கோர்ஸ், ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் கிளாஸ்ல இருக்கணும். அதுக்கு ஏத்த மாதிரி உங்க வேலை இருந்தா சரி, இல்லன்னா யோசிச்சு முடிவு பண்ணுங்க.

3. என்னென்ன சப்ஜெக்ட்

அஞ்சு வருஷ கோர்ஸ்ல ஆரம்பத்துல இங்கிலீஷ், பொலிட்டிக்கல் சயின்ஸ், ஹிஸ்டரி, சோசியாலஜி, எகனாமிக்ஸ் மாதிரி பேப்பர் வரும். "லா படிக்க வந்தா ஹிஸ்டரி எடுக்குறாங்களே"ன்னு சலிச்சுக்காதீங்க, அரசியல் சாசனம் படிக்கும்போது அதெல்லாம் தேடி வரும்.

சட்டப் பேப்பர் கணக்கு ரெண்டு கோர்ஸுக்கும் ஒண்ணுதான். கட்டாயப் பேப்பர் 20: கான்ட்ராக்ட் ரெண்டு, டார்ட்ஸ் (ஒப்பந்தம் இல்லாமலே ஒருத்தர் செய்ற தீங்குக்கு நஷ்டஈடு), குடும்பச் சட்டம் ரெண்டு, அரசியல் சாசனம் ரெண்டு, குற்றவியல் ரெண்டு, சொத்துரிமை மாற்றுச் சட்டம், சாட்சியச் சட்டம், சிவில் நடைமுறை (சி.பி.சி.), கம்பெனி, தொழிலாளர் சட்டம் ரெண்டு, நிர்வாகச் சட்டம், வரி, சுற்றுச்சூழல், பன்னாட்டுச் சட்டம், ஜூரிஸ்புரூடன்ஸ் (சட்டத் தத்துவம்). அப்புறம் விருப்பப் பேப்பர் 6, பிராக்டிகல் பேப்பர் 4. இந்த நாலப் பத்தி கீழ விரிவா சொல்றேன், ஏன்னா அதத்தான் எல்லாரும் அலட்சியமா விட்டுடறாங்க.

கிரிமினல் பேப்பருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலை 1ல இருந்து ஐ.பி.சி. (தண்டனைச் சட்டம்) போய் பாரதிய நியாய சன்ஹிதா, சி.ஆர்.பி.சி. (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) போய் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, எவிடன்ஸ் ஆக்ட் போய் பாரதிய சாக்‌ஷ்ய அதினியம்னு மாறிடுச்சு. ஐ.பி.சி.ல 511 செக்‌ஷன், புதுசுல 358. கொலைக்குத் தண்டனை 302ன்னு ஊருக்கே தெரியும், அது இப்ப 103. 420ன்னு திட்டுவோமே, அந்த மோசடி இப்ப 318ல இருக்கு. சீனியர்கிட்ட இருந்து பழைய நோட்ஸ் வாங்கினா செக்‌ஷன் நம்பர் எல்லாம் மாத்தி எழுதிட்டுப் படிங்க. பழைய நம்பரையும் மறந்துடாதீங்க, பழைய தீர்ப்பு எல்லாமே அந்த நம்பர்லதான் பேசும், 2024 ஜூலைக்கு முன்னாடி நடந்த குற்றத்துக்கு ஐ.பி.சி. செக்‌ஷன்தான் போடுவாங்க, அந்தக் கேஸ் எல்லாம் இன்னும் பல வருஷம் கோர்ட்ல ஓடும்.

4. பேர் ஆக்ட் படிக்கிற விதம்

கைடு கூடாதுன்னு நான் சொல்லல, பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு தடவ புரட்ட அது உதவும். ஆனா ஆரம்பம் பேர் ஆக்ட்லதான் இருக்கணும். பேர் ஆக்ட்னா சட்டத்த மட்டும் அப்படியே அச்சடிச்ச சின்னப் புத்தகம், விலையும் கம்மி, இந்தியா கோட்னு அரசு வெப்சைட்ல இலவசமாவும் இருக்கு.

ஒரு செக்‌ஷன எடுத்து எப்படிப் பிரிக்கணும்னு காட்டுறேன். திருட்டு, பாரதிய நியாய சன்ஹிதா 303. ஒரே வாக்கியம்தான், அதுக்குள்ள அஞ்சு விஷயம் இருக்கு. நேர்மையில்லாம எடுக்கணும்ங்கற எண்ணம் இருக்கணும். பொருள் அசையும் பொருளா இருக்கணும். அது இன்னொருத்தர் கைவசத்துல இருக்கணும், சொந்தம்னு சட்டம் சொல்லல, கைவசம்னுதான் சொல்லுது, இத அடிக்கோடு போட்டு வைங்க. அவரோட சம்மதம் இல்லாம இருக்கணும். எடுக்குறதுக்காக அந்தப் பொருள நகர்த்தியிருக்கணும்.

இப்ப ஒருத்தன் ராத்திரி பக்கத்துத் தோப்புல மரம் ஏறி தேங்கா வெட்டுறான். மரத்துல தொங்கற வரைக்கும் அது பூமியோட ஒட்டியிருக்கு, அசையும் பொருள் கிடையாது. அருவா பட்டு குலை தனியா வந்த நிமிஷமே அசையும் பொருள் ஆயிடுது, அந்த வெட்டுதான் நகர்த்துறதும். அவன் தேங்காய வீட்டுக்குக் கொண்டு போகணும்னுகூட அவசியம் இல்ல, வெட்டினதுமே திருட்டு முடிஞ்சுது. செக்‌ஷனுக்குக் கீழ இருக்குற விளக்கத்துலயும் உதாரணத்துலயும் மரத்த வச்சே இத சொல்லியிருக்கும், ஆனா பாதிப் பேர் அந்த சின்ன எழுத்தப் படிக்கவே மாட்டாங்க. பரீட்சைல ஒரு சம்பவத்தக் குடுத்து முடிவு கேக்கற பிராப்ளம் கேள்வி பெரும்பாலும் அங்க இருந்துதான் வரும்.

இந்த மாதிரி ஒரு நாளைக்கு மூணு செக்‌ஷன் பிரிச்சு எழுதினா போதும். செமஸ்டர் முடியறப்ப முக்கியமான செக்‌ஷன் எல்லாம் உங்க கையெழுத்துல இருக்கும், மனப்பாடம்னு தனியா உக்காரத் தேவையே இருக்காது.

5. தீர்ப்பு படிக்கிறது

ஒவ்வொரு கேஸுக்கும் நாலு விஷயம் மட்டும் எழுதுங்க: என்ன நடந்துச்சு, கோர்ட் முன்னாடி இருந்த கேள்வி என்ன, முடிவு என்ன, ஏன் அந்த முடிவு. அரைப் பக்கம் தாண்டக் கூடாது.

கேஸப் பேரா மட்டும் படிச்சா மறந்துடும், வரிசையா படிச்சா கதை மாதிரி நிக்கும். அரசியல் சாசனம் எடுத்துக்கங்க, ஆரம்பத்துல வர்ற பெரிய கேஸ்ல பல நம்ம மெட்ராஸ்ல இருந்து போனதுதான். 1950ல ஏ.கே.கோபாலன் கேஸ், கம்யூனிஸ்ட் தலைவர தடுப்புக் காவல்ல மெட்ராஸ் ஜெயில்ல வச்சிருந்தாங்க, சட்டம்னு ஒண்ணு போட்டு அதுபடி புடிச்சா போதும், அந்தச் சட்டம் நியாயமான நடைமுறையான்னு கோர்ட் பாக்காதுங்கற மாதிரி உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 28 வருஷம் கழிச்சு 1978ல மேனகா காந்தி கேஸ்ல, நடைமுறை நியாயமாவும் இருக்கணும்னு அதே கோர்ட் பார்வைய மாத்திக்கிச்சு. அதே மாதிரி 1951ல செண்பகம் துரைராஜன் கேஸ், காலேஜ் சீட்ட சாதி, மதவாரியா பிரிச்ச மெட்ராஸ் மாகாண அரசாணை (கம்யூனல் ஜி.ஓ.) செல்லாதுன்னாங்க, அதத் தொடர்ந்து அதே வருஷம் அரசியல் சாசனத்துக்கு முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்துச்சு. இன்னிக்கு நமக்கு சீட்டு கிடைக்கிற இட ஒதுக்கீட்டுக்கு அந்தத் திருத்தம்தான் சட்ட அடிப்படை, இத ஒரு தடவ புரிஞ்சு படிச்சவங்க ஆர்ட்டிகிள் நம்பர மறக்க மாட்டாங்க. 1973 கேசவானந்த பாரதி தீர்ப்ப மொத்தமா படிக்க முயற்சி பண்ணாதீங்க, 13 நீதிபதி, 7க்கு 6, ரொம்பப் பெரிய தீர்ப்பு. அடிப்படைக் கட்டமைப்பப் பாராளுமன்றம் மாத்த முடியாதுங்கறதுக்கு எப்படி வந்தாங்கன்னு மட்டும் இப்போதைக்குத் தெரிஞ்சா போதும்.

தீர்ப்பு தேட இந்தியன் கானூன் வெப்சைட் இலவசம், உச்ச நீதிமன்றத்தோட சொந்த ரிப்போர்ட்டும் இ-எஸ்.சி.ஆர்.னு இலவசமா கிடைக்குது, சில தீர்ப்பு தமிழ்லயும் மொழிபெயர்த்துப் போட்டிருக்காங்க.

6. எழுத்துத் தேர்வு: மார்க் எங்க இருக்கு

பல இடத்துல 100ல 70 செமஸ்டர் எழுத்துத் தேர்வு, 30 இன்டர்னல்னு பிரிச்சிருப்பாங்க, உங்க காலேஜ் ரெகுலேஷன சேர்ந்த வாரமே கேட்டு வாங்கிப் படிச்சிடுங்க. இன்டர்னல்ல டெஸ்ட், அசைன்மென்ட், பிரசன்டேஷன் மாதிரி இருக்கும். அசைன்மென்ட்ட நெட்ல இருந்து அப்படியே எடுத்துக் குடுக்காதீங்க, ஒரே கிளாஸ்ல அதே பத்தி பதினஞ்சு பேர் குடுத்தா சாருக்குத் தெரியாதா.

எழுத்துத் தேர்வுல பெரிய கட்டுரைக் கேள்வி, அதவிட சின்னது, சிறு குறிப்பு, அப்புறம் பிராப்ளம் கேள்வின்னு நாலு வகை வரும். கட்டுரைக் கேள்விக்கு எல்லாரும் ஓரளவு எழுதிடுவாங்க. ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியறது பிராப்ளம்லதான், ஆனா பல பேர் அத கடைசி பத்து நிமிஷத்துக்கு விட்டுட்டு ரெண்டு வரி கிறுக்கிட்டு வந்துடறாங்க. நான் அரியர் எழுதப் போனப்ப மொதல்ல பிராப்ளம் எழுதிட்டுத்தான் மத்ததுக்கே போனேன், அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அதே பழக்கம்தான்.

ஒரு கேள்விய எடுத்து முழுசா எழுதிக் காட்டுறேன். "ரவியோட அண்ணன் மகன் காணாம போயிட்டான். கண்டுபுடிச்சுக் கொண்டு வர்றவங்களுக்கு 10,000 ரூபாய்னு ரவி பேப்பர்ல விளம்பரம் குடுக்கறார். விளம்பரத்தப் பாக்காத மணி, பஸ் ஸ்டாண்டுல அழுதுட்டு நின்ன பையன விசாரிச்சு வீட்ல கொண்டு வந்து விடறார். மறுநாள் விளம்பரத்தப் பாத்துட்டு பணம் கேக்கறார். கிடைக்குமா?"

பதில் இப்படிப் போகணும். முதல் வரி, கேள்வி என்னங்கறது: விளம்பரம் தெரியாமலே வேலைய செஞ்சு முடிச்சா அது முன்மொழிவ ஏத்துக்கிட்டதா ஆகுமா? அடுத்து சட்டம்: இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, செக்‌ஷன் 2(அ) முன்மொழிவு, 2(ஆ) ஏற்பு, நிபந்தனைய நிறைவேத்துறதே ஏற்புன்னு சொல்ற செக்‌ஷன் 8. அடுத்து தீர்ப்பு: லால்மன் சுக்லா எதிர் கௌரி தத், 1913, அலகாபாத். அங்கயும் முதலாளியோட மருமகப் பையன் காணாம போறான், கணக்குப்பிள்ளைய தேட அனுப்புறாங்க, அவர் போன பிறகு 501 ரூபாய் பரிசுன்னு அறிவிக்கறாங்க, அவருக்கு அது தெரியாது, பையனக் கண்டுபுடிச்சுடறார், பின்னாடி கேஸ் போடறார். தெரியாத ஒண்ண ஏத்துக்க முடியாதுன்னு கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. அடுத்து பொருத்தறது: மணிக்கும் விளம்பரம் தெரியாது, அவர் பையன விட்டது மனிதாபிமானத்துல, பரிசுக்காக இல்ல. கடைசியா முடிவு: ஒப்பந்தம் உருவாகல, பணம் கேட்டு வழக்குப் போட முடியாது. இன்னும் ரெண்டு வரி சேக்க நேரம் இருந்தா 1893ம் வருஷத்து கார்பாலிக் ஸ்மோக் பால் கேஸோட வித்தியாசத்தச் சொல்லுங்க, அந்தம்மா விளம்பரத்தப் பாத்துட்டுத்தான் மருந்த வாங்கிப் பயன்படுத்தினாங்க, அதனால ஜெயிச்சாங்க.

இப்ப கேள்வில பையனுக்குப் பதிலா நாய்னு ஒரே ஒரு வார்த்தைய மாத்திடறாங்கன்னு வைங்க. அதே பதில எழுதிட்டு வந்தா பாதி மார்க்தான். நாய் சட்டத்தோட பார்வைல பொருள், தொலைஞ்ச பொருளக் கண்டெடுத்தவருக்கு செக்‌ஷன் 168னு தனியா ஒண்ணு இருக்கு. சொந்தக்காரர் குறிப்பிட்ட பரிசு அறிவிச்சிருந்தா கண்டெடுத்தவர் அதுக்கு வழக்குப் போடலாம், தர்ற வரைக்கும் பொருளத் தன்கிட்ட வச்சுக்கலாம்னு அது சொல்லுது. அப்ப மணி பக்கம் நின்னு வாதாட ஒரு கதவு தொறக்குது, லால்மன் சுக்லாவையும் 168ஐயும் எதிர் எதிரா வச்சு நீங்க எந்தப் பக்கம்னு காரணத்தோட எழுதணும். திருத்தறவர் அந்தக் காரணத்தத்தான் தேடுவார். கேள்வித்தாள் எடுக்கறவங்க எப்பவும் இந்த மாதிரி ஒரு வார்த்தைலதான் கை வைப்பாங்க, அதனால பிராப்ளம் கேள்விய ரெண்டு தடவ படிங்க.

பழைய கேள்வித்தாள் அஞ்சு வருஷத்துக்கு எடுத்து, பிராப்ளம மட்டும் தனி நோட்டுல போட்டுப் பாருங்க. ஃபிரெண்ட்ஸ் ரெண்டு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கிட்டு சண்டை போட்டா இன்னும் நல்லது.

7. தமிழ் மீடியத்துல இருந்து வர்றவங்களுக்கு

நானும் தமிழ் மீடியம்தான், அந்தப் பயம் எனக்குத் தெரியும். பரீட்சைய தமிழ்ல எழுதலாமான்னு உங்க காலேஜ் ஆபீஸ்ல கேட்டுக்கங்க, அரசு காலேஜ்ல தமிழ்ல எழுதி நல்லா வந்தவங்க நிறைய பேர் இருக்காங்க. தமிழ்ல எழுதினாலும் சட்ட வார்த்தைய ரெண்டு மொழியிலயும் தெரிஞ்சு வைங்க. கீழ் கோர்ட்ல வாதி, பிரதிவாதி, பிராது, வாய்தா, குறுக்கு விசாரணைன்னு தமிழ்தான் ஓடுது, ஹைகோர்ட்டுக்குப் போனா இங்கிலீஷ். ஒரு சின்ன நோட்டு போட்டு ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ் சொல் (அதையே தமிழ் எழுத்துல எழுதினாலும் சரி)னு தினமும் அஞ்சு சேத்தீங்கன்னா ஒரு வருஷத்துல பயம் போயிடும்.

8. பிராக்டிகல் பேப்பர் நாலு

டிராஃப்டிங் (மனு, பத்திரம் எழுதறது), தொழில் நெறி, மாற்றுமுறைத் தீர்வு (கோர்ட்டுக்கு வெளிய பிரச்சனையத் தீக்கறது), அப்புறம் மூட் கோர்ட்டும் இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்த பேப்பர். ஒவ்வொண்ணுக்கும் முழுப் பேப்பர் மாதிரியே 100 மார்க்.

டிராஃப்டிங்ல பிராது, எதிர்வழக்குரை, ஜாமீன் மனு மாதிரி 15 பயிற்சி, கிரயப் பத்திரம், அடமானம், உயில், பவர் மாதிரி 15 பயிற்சி, ஒவ்வொண்ணுக்கும் 3 மார்க், மொத்தம் 90, வைவா (வாய்மொழித் தேர்வு) 10. சீனியர் ரெக்கார்ட் நோட்டப் பாத்து எழுதுறதுதான் வழக்கமா நடக்குது. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. கோர்ட்டுக்கு வந்த மொத மாசமே சீனியர் கேஸ் கட்டக் குடுத்து "இதுக்கு ஒரு பிராது போட்டு வை"ம்பார், அன்னிக்கு அந்த 15 பயிற்சிதான் கை குடுக்கும். வீட்ல இருக்குற பழைய பத்திரத்த எடுத்து வச்சு, சொத்து விவரம், நாலு எல்லை, தாய்ப் பத்திரம் இதெல்லாம் எந்த வரிசைல வருதுன்னு பாத்துட்டு எழுதினா சீக்கிரம் புடிபடும்.

மூட் கோர்ட் பேப்பர்ல மூட்டுக்கு 30, கோர்ட்ல விசாரணை பாத்து எழுதறதுக்கு 30, கட்சிக்காரர் சந்திப்பும் வழக்குத் தயாரிப்பும் சேர்ந்த டைரிக்கு 30, வைவா 10. மூட் மூணு, ஒவ்வொண்ணுக்கும் எழுத்து வாதத்துக்கு 5, வாய் வாதத்துக்கு 5. எதிர்ல உக்காந்திருக்கறவர் பாதில குறுக்கிட்டு கேள்வி கேப்பார், அதுக்குத்தான் மார்க்கே. எழுதி வச்சத ஒப்பிக்காம, கேட்ட கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிட்டு அப்புறம் விட்ட எடத்துக்கு வாங்க.

விசாரணை பாக்குறது ஒரு சிவில் கேஸ், ஒரு கிரிமினல் கேஸ். நான் போன மாஜிஸ்திரேட் கோர்ட்ல ஒரு தெருச்சண்டை கேஸ். கூண்டுல ஏறின ரெண்டாவது சாட்சி, போலீஸ்ல சொன்னதுக்கு நேர்மாறா "நான் எதையும் பாக்கல"ன்னுட்டார். உடனே அரசு வக்கீல் எழுந்து பிறழ் சாட்சியா அறிவிக்கச் சொல்லி, தன்னோட சாட்சியையே குறுக்கு விசாரணை பண்ண அனுமதி வாங்கினார். அப்ப அது எவிடன்ஸ் ஆக்ட் 154, இப்ப பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் 157. நான் அந்த இடத்துல நேரம், கேட்ட கேள்வி, சொன்ன பதில் எல்லாத்தையும் குறிச்சு வச்சேன். வைவாவுல வெளில இருந்து வந்தவர் என் நோட்டப் புரட்டி அந்தப் பக்கத்துலதான் நின்னார். "பிறழ்ந்துட்டா அவர் சொன்னது மொத்தமும் வீணா?"ன்னு கேட்டார். இல்ல சார், மத்த சாட்சியத்தோட ஒத்துப் போற பகுதிய கோர்ட் எடுத்துக்கலாம்னேன். அடுத்த கேள்வியே கேக்கல. நேர்ல பாத்ததால வந்த பதில் அது. வாய்தா போடற நாள்ல போய் உக்காந்து அலுத்துப் போகாதீங்க, பெஞ்ச் கிளர்க்கிட்ட மரியாதையா சொல்லிட்டு, எந்தக் கேஸ் சாட்சி விசாரணைல இருக்குன்னு கேட்டு அந்தத் தேதிக்குப் போங்க.

9. இன்டர்ன்ஷிப்

3 வருஷ கோர்ஸுக்கு மொத்தம் 12 வாரம், 5 வருஷத்துக்கு 20 வாரம், ஒரு வருஷத்துல தொடர்ந்து நாலு வாரத்துக்கு மேல கூடாது. மொத்தப் படிப்புல ஒரு தடவையாவது விசாரணை கோர்ட் வக்கீல்கிட்டயும் மேல்முறையீட்டு கோர்ட் வக்கீல்கிட்டயும் இருந்திருக்கணும். தெரிஞ்ச வக்கீல்கிட்ட சர்டிபிகேட் மட்டும் வாங்கிக்கலாம்னு சொல்வாங்க, அது உங்கள நீங்களே ஏமாத்திக்கறது. குடும்பத்துல வக்கீல் யாரும் இல்லாதவங்களுக்கு இந்த வாரங்கள்தான் ஒரு ஆபீஸுக்குள்ள நுழையற வழி. ஊர்ல இருக்குற தாலுகா கோர்ட்ல ஆரம்பிங்க, அங்கதான் வேலைய கைல குடுப்பாங்க. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுலயும் கேட்டுப் பாருங்க. டைரிய அன்னன்னிக்கு எழுதிடுங்க, மாசம் கழிச்சு எழுதினா எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும், பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும்.

10. டிகிரி முடிஞ்ச பிறகு

மாநில பார் கவுன்சில்ல பதிவு பண்ணணும். வக்கீல் சட்டம் 1961ல சொன்ன பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி. எஸ்.டி.க்கு 125. இதுக்கு மேல பதிவுக் கட்டணம்னு பார் கவுன்சில் வாங்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2024 ஜூலைல தீர்ப்பு சொல்லிடுச்சு. அதுக்கு முன்னாடி பதிவுக்குன்னு கடன் வாங்கின பசங்க எங்க பேட்ச்லயே இருந்தாங்க, அதனால அந்தத் தீர்ப்பப் படிச்ச அன்னிக்கு எனக்கு மனசு நெறஞ்சு போச்சு.

பதிவு பண்ண பிறகு ஆல் இந்தியா பார் எக்ஸாம் பாஸ் பண்ணணும், ரெண்டு வருஷ அவகாசம். 100 கேள்வி, சரியான விடையத் தேர்ந்தெடுக்கறது, பாஸ் மார்க் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்.சி. எஸ்.டி.க்கு 40. பேர் ஆக்ட் உள்ள கொண்டு போகலாம், ஆனா அதுல குறிப்பு எதுவும் இருக்கக் கூடாது. அஞ்சு வருஷமா நீங்க அடிக்கோடு போட்டு, ஓரத்துல எழுதி, கேஸ் பேர் சேத்து வச்ச புத்தகத்த அங்க விட மாட்டாங்க. அதனால கான்ட்ராக்ட், அரசியல் சாசனம், சி.பி.சி., புது கிரிமினல் சட்டம் மூணு, இதுக்கெல்லாம் எழுதாத பிரதி ஒண்ண தனியா வாங்கி பீரோல வச்சிடுங்க.